அறுநூறு ரோல்ஸும் மேரிசாந்தியின் குளிர் அறையும்

“கதவைச் சாத்துங்கோ, குளிர் வெளியில போகுது.”

மேரிசாந்தி ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது இதைச் சொல்வார். லண்டனில் மற்ற எல்லோரும் குளிர் உள்ளே வருகிறது என்றுதான் கதவைச் சாத்துவார்கள். இவருக்கு மட்டும் குளிர் வெளியே போய்விடும் என்ற கவலை. தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் மீன் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பாரை மீனா விளை மீனா என்று யோசித்தால், பின்னால் நின்று சொல்வார். என் வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க விடமாட்டார். இந்த மனுசிக்கு வேறு வேலையில்லை என்று நான் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். அவர் கோபிப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

இந்தத் திருநாள் மலரில் நம் மாதா கோயில் பங்கில் உள்ள ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி பங்குச் சுவாமி கேட்டார். நல்ல ஆளாகப் பார்த்து எழுதுங்கள் என்றார். நல்ல ஆள் என்றால் எனக்கு மேரிசாந்தியைத்தான் தெரியும். எழுதப் போனால் நான் செய்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. சுவாமியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, ஒரு சொல்லையும் வெட்ட வேண்டாம் என்றார்.

மேரிசாந்தி மன்னார்ப் பக்கம். இருபத்திரண்டு வயதில் நோர்வேயின் வட முனைக்குப் போனவர். ஃபின்மார்க் என்று பெயர். அங்கே மீன் தொழிற்சாலைகளில் அந்தக் காலத்தில் எங்கள் சனம் நிறையப் பேர் வேலை செய்தார்கள். பதின்மூன்று வருடம் நின்றபடி கொட் என்கிற கடல் மீன் வெட்டினார். மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாதாம். பிறகு கல்யாணம் முடித்து லண்டனுக்கு வந்தார். கணவர் பஸ் ஓட்டினார், இறந்து ஏழு வருடம். பிள்ளைகள் இல்லை.

இங்கே அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். நிலத்துக்குக் கீழே உள்ள மாடியில் ஒரு பெரிய குளிர் அறை. ஆள் உள்ளே நடந்து போகலாம். மைனஸ் இருபதில் வைத்திருப்பார்கள். ஒரு விடியற்காலை கூட்டப் போனவர், கதவுக்கு மேலே உள்ள இலக்கம் மைனஸ் ஒன்பது காட்டுவதைக் கண்டார். மற்றத் துப்புரவாளர்கள் தினமும் அதைக் கடந்துதான் போவார்கள், ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மீன் தொழிற்சாலையில் நின்றவருக்கு அந்த இலக்கம் என்னவென்று தெரியும். சுவரில் ஒட்டியிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தார். ஒருவரும் எடுக்கவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு தனியாக நின்று, உள்ளே இருந்த குழாய்களை எல்லாம் பக்கத்து அறைக்கு மாற்றினார். அங்கே ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, அதற்கடுத்த மாதமே அவரைக் குளிர் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார். பதினொரு வருடம் அந்த வேலை.

அந்தக் குழாய்களுக்குள் இருந்தது மண்.

இதைத்தான் நாங்கள் வைத்துச் சிரித்தோம். மண்ணுக்கு ஏ.சி போடுகிற வேலை என்று என் கோயில் கூட்டாளி எமில்டா சொல்வாள். நான் அதைவிட மோசம், “மண் காவல்” என்று பட்டப்பெயரே வைத்தேன். ஒருநாள் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, அப்படி அந்த மண்ணில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். கேட்டது பகிடிக்குத்தான். மேரிசாந்தி உண்மையாகவே விளங்கப்படுத்தினார்.

வடக்கே ஆயிரக்கணக்கான வருடமாக உருகாமல் கிடக்கிற நிலம் இருக்கிறதாம். அந்தக் காலத்துப் புல்லும் வேரும் உக்காமல் அப்படியே உறைந்து கிடக்கின்றன. அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் கிடக்கின்றன. பல கிருமிகள் சாகவில்லை, முடங்கிப்போய்க் கிடக்கின்றன. இப்போது சூடு கூடி அந்த நிலம் உருகுகிறது. உருகினதும் கிருமிகள் எழும்பி, பக்கத்தில் கிடக்கிற பழைய புல்லையும் வேரையும் தின்னத் தொடங்குகின்றன. தின்று மூச்சு விடுகின்றன. நிலம் காய்ந்திருந்தால் நாங்கள் விடுகிற மூச்சு மாதிரி. தண்ணீர் தேங்கி நின்றால் வேறு சாதிக் கிருமி பெருகி, எங்கள் அடுப்பில் எரிகிற காஸ் மாதிரி ஒன்றை விடும். அந்தக் காஸ் ஆகாயத்துக்குப் போய் இன்னும் சூட்டைக் கூட்ட, இன்னும் நிலம் உருகும்.

“எங்கட மனுசன் மாதிரி எண்டு சொல்லும்,” என்றாள் எமில்டா. “எழும்பினவுடன சாப்பாடு, பிறகு காஸ்.”

எல்லோரும் சிரித்தோம். மேரிசாந்தியும் சிரித்தார். தான் மீன் வெட்டப் போன வழியில் ஆள் உயரத்துக்கு மேடு மேடாக நிலம் இருந்தது, உள்ளே முழுக்க ஐஸ், இப்போது அதில் பாதி இடிந்து குளமாகிவிட்டது, பேராசிரியரின் ஆட்கள் அங்கேதான் போய் மண் எடுக்கிறார்கள் என்றார். அதற்குள் நாங்கள் வேறு கதைக்குப் போய்விட்டோம்.

போன வருடத் திருநாளுக்கு, இறைச்சி வைத்துச் சுற்றிப் பொரிக்கிற ரோல்ஸ் என் பொறுப்பு. அறுநூறு. எங்கள் பங்கில் ரோல்ஸ் இல்லாமல் திருநாள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முன்கூட்டியே சுற்றி, ரஸ்க் தூள் பிரட்டி, உறைய வைத்து, அன்று காலையில் பொரிப்பதுதான் முறை. வியாழக்கிழமை எட்டுப் பெண்கள் இருந்து சுற்றி முடித்தோம். வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்துப் பெரிய ஃப்ரீசர் நின்றுபோயிருந்தது. ஓகஸ்ட் மாதம், ஒவ்வொரு வீட்டு ஃப்ரீசரிலும் திருநாள் இறைச்சி. ஆறு பெட்டி ரோல்ஸை எங்கே வைப்பது?

நான் மேரிசாந்திக்கு போன் எடுத்தேன். ஏலாது என்றார். அங்கே சாப்பாட்டுச் சாமான் வைக்கவே கூடாது, எழுதி ஒட்டியிருக்கிறது, கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன் என்றார். நான் விடவில்லை. மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

“மண்ணுக்கு அவ்வளவு பெரிய அறை வைச்சிருக்கிறீர், மாதாவுக்கு ஒரு மூலை இல்லையோ? மனுசன் செத்த வீட்டில எட்டு நாளும் இந்தப் பெண்டுகள்தான் உமக்குச் சமைச்சுத் தந்தவை.”

அவர் நாலு மணிக்கு வாங்கோ என்றார்.

செத்த வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லிக் காட்டக் கூடாது. அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

காரை நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நிறுத்தினேன், வேறு இடமில்லை. ஆறு பெட்டியையும் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே கொண்டுபோனோம். குளிர் அறைக் கதவு நீண்ட நேரம் திறந்திருந்தால் காவலாளிக்கு மணி அடிக்குமாம். பெட்டி வைத்து முடியுமட்டும் மேரிசாந்தி அந்த மணியை நிறுத்தி வைத்தார். உள்ளே போனேன். மூக்கு மயிர் உறைந்தது. இரண்டு பக்கமும் தட்டில் நீட்டு நீட்டாகக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் திகதி. எனக்கு அவை கண்ணில் படவே இல்லை. என் பெட்டிகள் சரிந்துவிடக் கூடாது என்பதுதான் யோசனை. கடைசிப் பெட்டியை வாசலோடு வைத்தோம்.

காருக்கு அபராத டிக்கற் ஒட்டிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், ஐந்தரைக்கு நவநாள் பூசை ஒரு பக்கம். மேரிசாந்தி தன் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். கதவை நான் சாத்தினேன். பிறகு அவரைக் கையில் பிடித்து இழுத்தேன்.

“ஒரு நிமிசம் அக்கா, இலக்கத்தைப் பாத்திட்டு வாறன்.”

“நான் சாத்திப்போட்டன். வாரும், கார் நிக்குது.”

படியில் ஏறும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் கையை விடவில்லை. வழி முழுக்க நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன், அவரை எதையும் நினைக்க விடவில்லை. மணியைத் திருப்பிப் போட அவர் மறந்துவிட்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போனோம். கீழே இறங்கும்போதே நிலத்தில் ஈரம். கடைசிப் பெட்டியின் மட்டை மூடி கதவிடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு மாட்டியிருந்தது. பார்வைக்குச் சாத்திய கதவு மாதிரித்தான் இருந்தது. மேலே உள்ள இலக்கம் ஆறு. மைனஸ் ஆறு இல்லை, வெறும் ஆறு.

மேரிசாந்தி நேரே குழாய்களுக்கு ஓடினார். நான் பெட்டிகளுக்கு ஓடினேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் ஓடினேன். மூடியைத் திறந்து ரோல்ஸை அமத்திப் பார்த்து, குளிர் இன்னும் இருக்கிறது, கெடவில்லை, இன்றைக்கே பொரித்தால் தப்பும் என்று சந்தோசப்பட்டேன். திரும்பினால் அவர் ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். குழாயின் அடியில் கறுப்புத் தண்ணீர்.

நான் சொன்னேன், “இப்ப சாத்தினால் திங்கக்கிழமைக்குத் திரும்ப இறுகிப்போடும். ஆருக்குத் தெரியப் போகுது?”

“உருகின மீனைத் திருப்பி உறைய வைச்சுத் தந்தால் நீங்கள் வாங்குவியளோ அக்கா?”

“மீன் தின்னுற சாமான். இது மண்தானே.”

“கிருமி எழும்பிப்போட்டுது,” என்றார் மேரிசாந்தி. அவர் குரல் உயரவே இல்லை. “ஒரு இரவு முழுக்கத் திண்டிருக்கு. சிலது பெருகியிருக்கும், சிலது செத்திருக்கும். இனி இதைப் பரிசோதிச்சால் வாறது அந்த நிலத்தின்ர கதையோ, இந்த அறையின்ர கதையோ எண்டு ஆராலும் பிரிச்சுச் சொல்லேலாது. திருப்பி உறைஞ்சால் பாக்கிறதுக்கு முந்தின மாதிரியேதான் இருக்கும். அதுதான் பயம்.”

கடையில் ஒருமுறை உருகின இறாலைத் தந்ததற்கு முதலாளியை நாலு பேருக்கு முன்னால் கிழித்தவள் நான். பார்த்தால் தெரியாது, தின்றவனுக்குத்தான் தெரியும் என்று கத்தியவள். அதே புத்தி அன்றைக்கு எங்கே போனது?

பெட்டிகளைக் காரில் ஏற்ற அவர் உதவி செய்தார். தான் வரவில்லை, பேராசிரியருக்கு போன் எடுக்க வேண்டும் என்றார். நான் போய் அறுநூறு ரோல்ஸையும் அன்றைக்கே பொரித்தேன். ஞாயிற்றுக்கிழமை சூடு காட்டிக் கொடுத்தேன். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்கள். நல்லாயிருக்கிறது என்று சொன்னீர்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் விசாரணை வைத்தார்கள். மேரிசாந்தி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுப் பெட்டியை உள்ளே விட்டது தான், மணியை நிறுத்தியது தான், இலக்கத்தைப் பார்க்காமல் போனது தான். கூட வந்தது யார் என்று கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. நான் பிறகு போனில் கேட்டபோது, “உங்களைச் சொல்லி என்ன வரப் போகுது அக்கா, சாவி என்ர கையில இருந்தது,” என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒக்டோபரில் அவருக்கு வேலை போனது. ஐம்பத்தேழு வயது.

அதற்குப் பிறகுதான் பெரிய அசிங்கம். கோயிலில் கதை கிளம்பியது. பல்கலைக்கழக ஃப்ரீசரில் ரகசியமாகச் சாமான் வைத்து விற்றாராம், பிடிபட்டாராம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எமில்டா என் பக்கத்தில் நின்றே அதைச் சொன்னாள். ரோல்ஸ் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. இல்லையடி, அது என் ரோல்ஸ் என்று சொல்ல ஒரு நொடி போதும். என் கையில் தேத்தண்ணிக் கேத்தல் இருந்தது. அடுத்த கோப்பைக்கு ஊற்றினேன். வாய் திறக்கவில்லை. எதற்கும் திறக்கிற வாய்.

மேரிசாந்தி வாசலில் நின்றார். கேட்டிருப்பார். அடுத்த ஞாயிறிலிருந்து அவர் கோயிலுக்கு வரவில்லை.

மாசி மாதம் வரைக்கும் நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. முழங்கால் நோ, மழை, பேரப்பிள்ளை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் போனேன். உள்ளே இளம் பெண் ஒருத்தி மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். ஸ்ரீநிதி என்று பெயர், தமிழ்நாட்டுப் பிள்ளை. அந்த மண்ணை வைத்துத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவள். நாற்பத்தொரு குழாய் பழுதாகி, அவளுடைய படிப்பு ஒரு வருடம் பின்னால் போயிருக்கிறது. திரும்பவும் பனியில் போய் மண் தோண்ட வேண்டும். மேரிசாந்தியின் மேல் கோபப்பட இந்த உலகத்தில் ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்றால் அது அவளுக்குத்தான். அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்ட்ரெதமிலிருந்து பஸ் பிடித்து வந்துபோகிறாள். மேரிசாந்தி பதினொரு வருடமும் தினமும் எழுதி வைத்த குளிர்க் கணக்குக் கொப்பிகளைப் பார்த்து, எந்தக் குழாய் எப்போது வந்தது, எது நல்லது, எது பழுது என்று இருவரும் பிரிக்கிறார்கள்.

கோபம் இல்லையா பிள்ளை என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“மொதல்ல ரெண்டு வாரம் அழுதேன் ஆன்ட்டி,” என்றாள். “அப்புறம் யோசிச்சேன். இவங்க கதவ சாத்திட்டு சும்மா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. லண்டன்ல உருகின மண்ண, நார்வேயில இப்படித்தான் இருக்குன்னு மூணு சாப்டர் எழுதியிருப்பேன். வேல போகும்னு தெரிஞ்சும் அன்னைக்கே போன் பண்ணிட்டாங்க.” பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், “கூட வந்தது யாருன்னு மட்டும் சொல்லவே மாட்டேங்கறாங்க. அவங்க வந்து பேசியிருந்தா விசாரணைல கொஞ்சமாவது உதவியிருக்கும்.”

மேரிசாந்தி என்னைப் பார்க்கவில்லை. “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அக்கா,” என்றார்.

நான் குடித்தேன். குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்துவிட்டேன். அவர் வாசல் வரைக்கும் வந்து, அரைக் கிலோ முருங்கைக்காய் பையில் போட்டுத் தந்தார். அந்தக் காயை நான் சமைக்கவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. ஃப்ரிட்ஜில் கிடந்து சுருங்கியது.

இரண்டு கிழமை கழித்து என் மகளைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவித்தேன். கட்டாயப்படுத்தியது நான், கதவைச் சாத்தியது நான், மேரிசாந்தியை நின்று பார்க்க விடாமல் இழுத்தது நான், மறைக்கச் சொன்னதும் நான். கீழே என் கையெழுத்து. மகள் எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கடிதத்தை ஸ்ரீநிதியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என் முன்னாலேயே வாசித்தாள். “சரி ஆன்ட்டி, குடுத்துடறேன்,” என்றாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, கடிதத்தை அவருடைய கோப்பில் சேர்த்திருக்கிறோம் என்று இரண்டு வரி. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பிந்திச் சொன்னால் அவ்வளவுதான்.

மேரிசாந்தியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. “கோயில்ல என்னைக் கள்ளி எண்டு சொல்லுகினமாம் அக்கா,” என்றார். “வேலை போனது பரவாயில்லை. அதுதான் தாங்கேலாமக் கிடக்கு.”

அதற்காகத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். அவர் எதையும் களவெடுக்கவில்லை, எதையும் விற்கவில்லை. அந்தப் பெட்டிகளில் இருந்தது நீங்களும் நானும் சாப்பிட்ட திருநாள் ரோல்ஸ். எமில்டாவுக்கும் மற்றவர்களுக்கும் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை மாறி மாறித்தான் போகும். அச்சில் கிடந்தால் மாறாது.

அவர் இப்போது காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பார். தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் இறங்கி, தமிழ்க் கடைகளைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் மூன்றாவது வீடு, நீலக் கதவு. தயவுசெய்து போய்ப் பாருங்கள். திருநாள் முடியட்டும் என்று வைத்திருக்காமல் இந்தக் கிழமையே போங்கள். என்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்டுக் கரைச்சல் கொடுக்க வேண்டாம், அவர் சொல்லவும் மாட்டார். அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். அந்த மண்ணைப் பற்றிக் கேளுங்கள். சொல்லி முடிக்குமட்டும் எழும்பாமல் இருந்து கேளுங்கள்.